லெம்பா பெர்த்தாமுக்கு ஒரு விருந்தினர்

1773ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். இலண்டனில் தங்கியிருந்த பெஞ்சமின் பிராங்கிளின், பிரான்சு நாட்டு நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்க ஐக்கிய நாடு என்று ஒன்று அப்போது பிறந்திருக்கவில்லை. பின்னாளில் அதைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். கடிதத்தில் அவர் ஈக்களைப் பற்றி எழுதியிருந்தார். வர்ஜீனியாவில் புட்டியில் அடைக்கப்பட்ட திராட்சை மதுவை இலண்டனில் ஒரு நண்பர் வீட்டில் திறந்தபோது, அதனுள் மூழ்கிக் கிடந்த மூன்று ஈக்கள் கிண்ணத்தில் விழுந்தன. அவற்றை வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு ஈக்கள் உயிர்பெற்று இறக்கையைத் துடைத்துக்கொண்டு பறந்தன. மூன்றாவது பிழைக்கவில்லை. மனிதனையும் இப்படிப் பாதுகாத்து வைக்க முடிந்தால், நூறு ஆண்டுகளுக்குப் பிறகு தம் நாடு என்னவாகியிருக்கும் என்று பார்க்கத் தாமும் அவ்வாறு கிடக்க விரும்புவதாகப் பிராங்கிளின் எழுதினார்.

அந்த ஆசை நிறைவேறவில்லை. கடிதம் எழுதிய அதே ஆண்டு டிசம்பரில், தேயிலை வரியை எதிர்த்த மக்கள் போஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். மூன்றாண்டுகளில் விடுதலைப் பிரகடனம் வந்தது. 1790இல் பிராங்கிளின் காலமானார்.

நாட்டைத் தோற்றுவித்தவரை மீண்டும் அழைத்து வந்து இன்றைய உலகைக் காட்டுவது நல்ல கற்பனை. அமெரிக்க மாணவர்கள் பிராங்கிளினை அழைக்கட்டும். நாம் அழைக்க வேண்டியவர் பக்கத்து மாநிலத்துக்காரர். பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். பெயர் வீரசாமி திருஞானசம்பந்தன். நாடு அவரைத் துன் வீ. தி. சம்பந்தன் என்று அறியும்.

சில ஆண்டுகளுக்கு முன் கேமரன் மலைப் பகுதியில் ஒரு தமிழ்மொழி வகுப்பைப் பார்வையிட்டேன். அன்றைய கட்டுரைப் பயிற்சி இதுதான். துன் சம்பந்தன் ஒரு நாள் லெம்பா பெர்த்தாமுக்கு வந்தால் அவருக்கு எவற்றைக் காட்டுவீர்கள் என்று ஆசிரியை கேட்டிருந்தார். மாணவர்கள் ஆளுக்கு மூன்று பொருள்களை எழுதினார்கள். பலரும் கைப்பேசியை முதலில் எழுதினார்கள். அணை, தேயிலைக் குன்று, பசார் மாலாம், அக்காளின் பட்டமளிப்புப் படம் எனப் பட்டியல் நீண்டது. கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி ஒரே ஒரு பொருளை மட்டும் எழுதியிருந்தாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் விருந்தினரை அறிந்துகொள்வோம்.

சம்பந்தனின் தந்தை வீரசாமி 1896இல் தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்தவர். உழைத்து முன்னேறி, சுங்கை சிப்புட்டில் இரப்பர் தோட்டங்களுக்கு உரிமையாளரானார். வெள்ளைக்காரத் துரைமார்களே தோட்டங்களை ஆண்ட காலத்தில் ஒரு தமிழர் தோட்ட முதலாளியானது பெரிய செய்தி. 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பிறந்த மகனுக்குத் தேவாரம் பாடிய திருஞானசம்பந்தரின் பெயரைச் சூட்டினார்.

மகன் கோலகங்சாரில் ஆங்கிலக் கல்வி பெற்றார். பிறகு சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இந்திய விடுதலைப் போராட்டம் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை. மாணவர்கள் வகுப்பை விட்டு வீதிக்கு வந்தார்கள். சம்பந்தனும் காங்கிரஸ் இயக்கத்தில் ஈடுபாடு கொண்டார். அதே காலத்தில் மலாயா சப்பானியரின் பிடியில் இருந்தது. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் மரண இரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. போர் முடிந்து ஊர் திரும்பிய சம்பந்தன் கண்டவை, ஆண்கள் இல்லாத லயன் வீடுகளும் மூடிக் கிடந்த பள்ளிகளும்தான்.

1948ஆம் ஆண்டு ஜூன் 16. அன்று அவருக்கு இருபத்தொன்பது வயது நிறைந்தது. அன்றைய தினமே சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து பிரிட்டிஷ் அரசு அவசரகாலத்தை அறிவித்தது. அது பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுத்த பலர் சந்தேகத்துக்கு ஆளானார்கள். சங்கங்கள் கலைக்கப்பட்டன. இந்தச் சூழலில் பொதுவாழ்வுக்கு வந்தவர் சம்பந்தன். அவர் முதலில் கையில் எடுத்தது கல்வி. அவருடைய முயற்சியில் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளி எழுந்தது. 1954இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் அதைத் திறந்து வைத்தார். அப்பள்ளி இன்றும் இயங்குகிறது.

மலாயா இந்தியர் காங்கிரஸ் 1946இல் தொடங்கப்பட்ட கட்சி. படித்தவர்களும் நகரத்து வணிகர்களும் அதை வழிநடத்தினர். தோட்டத்துக்கும் கட்சிக்கும் இடையில் நீண்ட தூரம் இருந்தது. 1955இல் சம்பந்தன் தலைவரானதும் அந்தத் தூரத்தைக் குறைக்க முனைந்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று தமிழில் பேசினார். கிளைகள் பெருகின. கட்சி தமிழர் கட்சியாகிவிட்டது என்று சிலர் குறைபட்டதும் உண்டு. அந்தக் குறையில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால், அன்றைய இந்தியர்களுள் பெரும்பகுதியினர் தமிழர்கள். அவர்களுள் பெரும்பகுதியினர் தோட்டத்தில்தான் வாழ்ந்தார்கள்.

அதே ஆண்டு நடந்த முதல் பொதுத்தேர்தலில் அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. மூன்றும் இணைந்த கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. துங்கு அப்துல் ரஹ்மானின் அமைச்சரவையில் சம்பந்தன் தொழிலாளர் அமைச்சரானார். சுதந்திரத்துக்குப் பிறகு சுகாதார அமைச்சர். 1959 முதல் 1971 வரை பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சர். சாலை, கடிதம், தொலைபேசி ஆகிய மூன்றும் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் பொறுப்பில் இருந்தன.

அதனால்தான் அவருக்கு இன்றைய லெம்பா பெர்த்தாமைக் காட்டுவது சுவையாக இருக்கும். முதலில் சாலையைக் கவனிப்பார். அவர் காலத்தில் சுங்கை சிப்புட்டிலிருந்து கேமரன் மலைக்கு வருபவர் ஈப்போவைக் கடந்து தெற்கே தாப்பா வரை போக வேண்டும். அங்கிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் வளைந்து வளைந்து மலையேற வேண்டும். வயிற்றைப் புரட்டும் பயணம். ஊறுகாய்த் துண்டையோ எலுமிச்சையையோ கையில் வைத்திருப்பார்கள். இன்று ஈப்போவுக்கு அருகில் உள்ள சிம்பாங் பூலாயிலிருந்து அகன்ற சாலை கம்போங் ராஜாவுக்கு ஏறுகிறது. பிரிஞ்சாங், தானா ராத்தா, ஹாபு என்று இறங்கி ரிங்லெட்டை அடையலாம். அங்கிருந்து கீழே பிரிவதுதான் லெம்பா பெர்த்தாம். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருந்தாலும், சுற்றியுள்ள மலைகளோடு பார்த்தால் அது பள்ளம்தான்.

வழியில் தேயிலை வரும். ஹாபுவை ஒட்டிய போ தோட்டம் 1929இல் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயரால் தொடங்கப்பட்டது. ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையில் சாலையோரம் தெரிவது பாரத் தோட்டம். அதை 1933இல் தொடங்கியது வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பம். இரண்டும் இன்றும் அந்தந்தக் குடும்பங்களின் கையில் இருக்கின்றன. காட்டை வெட்டிச் சரிவில் செடி நட்டவர்கள் நம் முன்னோர். முதுகில் கூடை, தலையில் முக்காடு, இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளும் விரல்கள் என்று நம் பாட்டிகளின் படத்தை அஞ்சலட்டையில் போட்டு விற்றார்கள்.

இன்று அந்தச் சரிவில் நிற்பவர்கள் வேறு. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்த ஆண்கள். பை கட்டிய கத்தரிக்கோலால் வெட்டுகிறார்கள். சமமான இடங்களில் இருவர் தூக்கிப் பிடிக்கும் இயந்திரம் ஓடுகிறது. துன் அவர்களை எந்த மொழியில் நலம் விசாரிப்பார்? தமிழில் பேசிப் பார்த்துவிட்டு மலாய்க்கு மாறுவார் என்று நினைக்கிறேன். எங்கே நம் ஆட்கள் என்று திரும்பி நம்மைத்தான் பார்ப்பார்.

இக்கேள்விக்கு விடை சொல்ல, அவருடைய வாழ்வின் மிகப் பெரிய பணிக்கு வர வேண்டும்.

சுதந்திரம் நெருங்கியபோது வெளிநாட்டு இரப்பர் நிறுவனங்களுள் பல அஞ்சின. புதிய அரசு தோட்டங்களைப் பறித்துக்கொள்ளுமோ என்ற அச்சம். கிடைத்த விலைக்குத் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் பெரும்பாலும் உள்ளூர்த் தரகர்களும் வணிகக் குழுக்களும். ஆயிரம் ஏக்கர் தோட்டத்தை அப்படியே நடத்த அவர்களுக்கு விருப்பமில்லை. பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று கூறு போட்டு விற்றால் இலாபம் அதிகம். விற்றார்கள். இதற்குத் தோட்டத் துண்டாடல் என்று பெயர்.

ஒரு தோட்டம் துண்டானால் என்ன நடக்கும்? பெரிய தோட்டத்தின் நிர்வாகம் வீடு, தண்ணீர், மருந்தகம், ஆயாக் கொட்டகை ஆகியவற்றைத் தர வேண்டும் என்று சட்டம் இருந்தது. பள்ளிக்கூடமும் தோட்டத்துக்குள்ளேயே இருக்கும். பத்து ஏக்கர்காரருக்கு அந்தக் கடமை எதுவும் இல்லை. அவர் தம் குடும்பத்தையோ குத்தகைக்காரர் கொண்டுவரும் ஆள்களையோ வைத்துப் பால்மரம் வெட்டிக்கொள்வார். பிறந்த நாள் முதல் அதே லயத்தில் வாழ்ந்தவருக்கு ஒரு காலையில் வேலை இல்லை. வேலை இல்லாததால் வீடும் இல்லை. கோயிலும் இடுகாடும் யாரோ ஒருவரின் நிலத்துக்குள் போய்விட்டன. பிள்ளைகள் குறைந்து பள்ளி மூடப்பட்டது. பேராசிரியர் உங்கு அஜிஸ் இச்சிக்கலை ஆராய்ந்து, 1960களின் தொடக்கத்தில் விரிவான அறிக்கை வெளியிட்டார். அதற்குள் பல தோட்டங்கள் சிதறிவிட்டன.

துண்டாடலைத் தடை செய்யுங்கள் என்று தொழிற்சங்கங்கள் கேட்டன. அரசு தயங்கியது. சம்பந்தன் அந்த அரசின் அமைச்சர். தெருவில் நின்று போராடவும் முடியாது. பேசாமல் இருக்கவும் முடியாது. அவர் கண்ட வழி எளியது. தோட்டங்கள் விற்பனைக்கு வருகின்றன என்றால் தொழிலாளர்களே வாங்கட்டும்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். தோட்டத்தின் விலை இலட்சக்கணக்கில். தொழிலாளியிடம் இருப்பதோ மளிகைக்கடைக் கணக்குப் புத்தகம். சம்பந்தன் கணக்கை வேறு விதமாகப் போட்டார். ஒரு பங்கின் விலை நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். ஒருவரால் முடியாததைப் பல்லாயிரம் பேர் சேர்ந்தால் முடிக்கலாம். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று.

பத்து வெள்ளி அன்று சிறு தொகையன்று. சில நாள் கூலி. ஏற்கெனவே பலரிடம் ஏமாந்த மக்கள் அவர்கள். சீட்டுப் பிடித்தவர் ஓடியிருப்பார். ஊருக்குக் கப்பல் சீட்டு எடுத்துத் தருவதாகச் சொன்னவர் கைவிரித்திருப்பார். இப்போது ஓர் அமைச்சர் வந்து, நிலம் வாங்கலாம், பணம் கொடுங்கள் என்கிறார். நம்புவதா? சம்பந்தனும் அவருடன் உழைத்தவர்களும் மாலையில் வேலை முடிந்து வருபவர்களைத் திடலிலும் கோயில் முற்றத்திலும் சந்தித்து விளக்கினார்கள். ஒரு முறை சென்று பயனில்லாத இடத்துக்கு மறுமுறை சென்றார்கள். தயக்கத்தோடு ஒருவர் சேர்வார். அவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் சேர்வார்.

சங்கம் முதலில் வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம். ஏறக்குறைய மூவாயிரம் ஏக்கர். நேற்று வரை துரைக்குச் சலாம் போட்டவர்கள் இன்று அதே தோட்டத்தில் பங்குதாரர்கள். பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும் முறை மாறவில்லை, வேலையும் மாறவில்லை. ஆனால், அந்தத் தோட்டத்தைத் துண்டாட இனி யாராலும் முடியாது. அதைத் தொடர்ந்து பிற மாநிலங்களிலும் சங்கம் தோட்டங்களை வாங்கியது. அச்சங்கம் இன்றும் செயல்படுகிறது. கோலாலம்பூரில் உள்ள அதன் தலைமையகத்துக்கு விஸ்மா துன் சம்பந்தன் என்று பெயர்.

எல்லாத் தோட்டங்களையும் அவர் காப்பாற்றிவிட்டார் என்று சொல்வது மிகை. சங்கம் வாங்கியவற்றைவிடத் துண்டானவை அதிகம். கூட்டுறவால் ஓர் ஓட்டையை அடைக்கலாம். ஓடும் வெள்ளத்தை நிறுத்த இயலாது. அதை அவரும் அறிந்திருப்பார்.

தேயிலைத் தோட்டங்களுக்கு இந்தக் கதி நேரவில்லை. பறித்த கொழுந்து அன்றே ஆலைக்குப் போக வேண்டும், தாமதித்தால் கெட்டுவிடும். ஆலையை விட்டுத் தோட்டத்தைப் பிரிப்பது எளிதன்று. அதனால்தான் மலைத்தோட்டங்கள் முழுமையாக நின்றன என்பது என் கருத்து. தோட்டம் நின்றது, ஆள்கள் இறங்கிவிட்டார்கள். படித்த பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். கொழுந்து பறிக்கும் கூலியில் பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய தாய் அதே வேலைக்கு அந்தப் பிள்ளை திரும்ப வேண்டும் என்று விரும்பமாட்டாள் அல்லவா? துன் இதைக் கேட்டு வருந்துவாரா, மகிழ்வாரா? பட்டமளிப்புப் படத்தைக் காட்ட விரும்பிய மாணவன் மகிழ்வார் என்றே எழுதியிருந்தான். ஓய்வு பெற்றதும் தோட்ட வீட்டைக் காலி செய்ய வேண்டிய பெரியவர்களைப் பற்றி இன்னொருவன் எழுதியிருந்தான். இரண்டு கட்டுரைகளையும் ஆசிரியை அடுத்தடுத்து வாசிக்கச் சொன்னார். வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது.

அடுத்தது அணை. ரிங்லெட்டில் பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே நிற்கும் சுல்தான் அபு பக்கார் அணை 1963இல் நிறைவு பெற்றது. துன் அமைச்சராக இருந்த காலம் அது. புதிய நாட்டுக்கு மின்சாரம் தேவைப்பட்டது. தேக்கிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழி மறுபக்கம் இறங்கிப் பேராக்கில் நிலத்தடி மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. பகாங் மழை பேராக்கில் விளக்கேற்றுகிறது என்று ஒரு மாணவி அழகாக எழுதினாள். சுங்கை சிப்புட்காரருக்கு இந்த வரி பிடித்திருக்கும். மின்னலையும் மின்சாரத்தையும் ஆராய்ந்த பிராங்கிளினும் உடன் வந்தால் அவரை அந்த இடத்திலிருந்து நகர்த்துவது கடினம்.

ஆயினும், அணையின் மறுபக்கத்தையும் காட்டத்தான் வேண்டும். மேலே காடு அழிக்கப்பட்டுக் காய்கறித் தோட்டங்கள் பெருகின. மலைச்சரிவுகளை நெகிழிக் கூரைகள் மூடின. மழையில் கரைந்த மண் நீர்த்தேக்கத்தில் படிந்தது. தேக்கம் ஆழம் குறைந்தால் கனமழையைத் தாங்காது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் அதிகாலையில், நீர்மட்டம் உயர்ந்ததால் அணையின் மதகுகள் திறக்கப்பட்டன. கீழே லெம்பா பெர்த்தாமில் ஆற்றோரம் உறங்கிக்கொண்டிருந்தவர்களின் வீடுகளுக்குள் சேற்று வெள்ளம் புகுந்தது. உயிர்கள் பலியாயின. அந்த இரவைப் பற்றிக் கேட்டால் இங்குள்ளவர்கள் முதலில் வெள்ளத்தின் ஓசையைத்தான் சொல்வார்கள்.

கைப்பேசியைக் காட்டும் நேரம் வந்துவிட்டது. அஞ்சலுக்கும் தொலைபேசிக்கும் அமைச்சராக இருந்தவரிடம் அதைக் கொடுப்பதில் ஒரு குறும்பு இருக்கிறது. அவர் காலத்தில் தோட்டத்தில் தொலைபேசி என்றால் அது அலுவலகத்தில், கிராணியின் மேசையில் இருக்கும். தந்தி வந்தால் வாசிக்கும் முன்பே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். இன்று சிங்கப்பூரில் இருக்கும் பேரனின் முகத்தைப் பெர்த்தாமில் இருக்கும் தாத்தா உள்ளங்கையில் பார்க்கிறார். மழை பெய்தால் மட்டும் படம் நின்று நின்று வரும். துன் அதை உடனே கவனித்துக் கேட்பார் என்று நினைக்கிறேன். அமைச்சர் அல்லவா!

இனி அந்த மாணவி எழுதியதைச் சொல்ல வேண்டும். அவள் காட்ட விரும்பியது பாட்டியின் அடையாள அட்டை.

1957இல் நாடு விடுதலை பெற்றபோது, அதற்குப் பின் இம்மண்ணில் பிறக்கும் குழந்தைகளுக்குக் குடியுரிமை இயல்பாகக் கிடைக்கும் என்று அரசியல் சட்டம் கூறியது. ஏற்கெனவே வாழ்ந்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் ஓராண்டு விண்ணப்பிப்பவர்களுக்கு மொழித் தேர்விலிருந்து விலக்கும் உண்டு. மூன்று இனத் தலைவர்களும் பேசிப் பெற்ற உடன்பாடு அது. இந்தியர் தரப்பில் அந்தப் பொறுப்பு சம்பந்தனுடையது. விண்ணப்பியுங்கள் என்று அவரும் கட்சியினரும் தோட்டங்களில் வலியுறுத்தினார்கள். பலர் விண்ணப்பித்தார்கள். பலர் விண்ணப்பிக்கவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுப் பட்டணம் போக வேண்டுமே என்று சிலர் தள்ளிப் போட்டார்கள். சிலருக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. என்றாவது ஊர் திரும்பப் போகிறோம், எதற்கு இது என்று நினைத்தவர்களும் உண்டு. கடவுளும் துரையும் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்தவர்களும் உண்டு.

அதன் விலை 1969க்குப் பின் தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யத் தனி அனுமதி பெற வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. அனுமதி கிடைக்காத ஆயிரக்கணக்கானோர் பிறந்து வளர்ந்த நாட்டை விட்டு, பார்த்திராத இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். சம்பந்தன் அப்போதும் அமைச்சர்தான். நீண்ட பொதுவாழ்வில் மிகக் கசப்பான ஆண்டுகளுள் இவையும் அடங்கும். அவர் போதிய அளவு போராடவில்லை என்று கட்சிக்குள்ளேயே விமரிசனம் எழுந்தது. அந்த விமரிசனத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஆனால், மே 13 கலவரத்துக்குப் பிறகு நாடு இருந்த நிலையில் அவருடைய குரலுக்கு எவ்வளவு எடை இருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாணவியின் பாட்டி 1957க்கு முன் இந்த மலையில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் விண்ணப்பிக்கவில்லை. வாழ்நாள் முழுதும் இங்கேயே கொழுந்து பறித்தார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குடிமக்கள். பாட்டியின் கையில் இருப்பது மட்டும் நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அட்டை. தேர்தல் நாளன்று வீட்டில் எல்லாரும் வாக்களிக்கச் செல்லும்போது பாட்டி வாசலில் அமர்ந்து பேரனைப் பார்த்துக்கொள்வார்.

1973ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் சம்பந்தன் ம.இ.கா. தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். உட்கட்சிப் பூசல் முற்றியிருந்தது. பதினெட்டு ஆண்டுகள் தலைவராக இருந்தவர் மனம் நொந்தே வெளியேறினார். தேசிய ஒருமைப்பாட்டுத் துறை அமைச்சராகவும், பின்னர் தேசிய ஒருமைப்பாட்டு வாரியத் தலைவராகவும் பணியாற்றினார். கூட்டுறவுச் சங்கத்தை மட்டும் கடைசிவரை விடவில்லை. தந்தை விட்டுச் சென்ற சொத்தில் பெரும்பகுதி கட்சிக்கும் பொதுப்பணிக்கும் கரைந்திருந்தது. 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் காலமானார். அறுபது வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லை. அவருடைய துணைவியார் தோபுவான் உமா சம்பந்தன் பின்னர் சங்கப் பணியைத் தொடர்ந்தார். கோலாலம்பூரில் அன்றைய பிரிக்பீல்ட்ஸ் சாலை இன்று ஜாலான் துன் சம்பந்தன். மோனோரெயில் நிலையம் ஒன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வகுப்பு முடிந்ததும் அந்த மாணவியிடம், அட்டையைத் துன் ஐயாவிடம் ஏன் காட்ட வேண்டும் என்று கேட்டேன். அவரைக் குறை சொல்வதற்காக இல்லை என்று உடனே பதறினாள். பிறகு சற்று யோசித்தாள். பாட்டி சின்ன வயதில் ஒரு முறை அவர் பேசுவதைக் கேட்டிருக்கிறாராம். கொள்ளுத்தாத்தா தோளில் உட்கார்ந்து கேட்டாராம். கூட்டத்தில் என்ன பேசினார் என்பது நினைவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அவர் வந்தால், அன்று என்ன சொன்னீர்கள் என்று பாட்டி கேட்பாராம்.

பாட்டியின் குடியுரிமை விண்ணப்பம் இன்னொரு முறை அனுப்பப்பட்டிருப்பதாகவும், அதற்கான மலாய்மொழி நேர்காணலுக்கு மாலை நேரங்களில் தானே பயிற்சி கொடுப்பதாகவும் அவள் சொன்னாள். பாட்டி நன்றாகப் பேசுகிறாராம். தேசிய கீதத்தில் மட்டும் இரண்டாவது வரியில் தடுமாறுகிறாராம்.